ஒன்பது புள்ளிகள் பதினொன்றானால்?

கேள்வி: என் வயது 29. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது கண் பார்வை மங்கியபோது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) என்றார்கள். தயங்கித் தயங்கிப் பத்து மாதம் கழித்துத்தான் மாத்திரையைத் தொடங்கினேன். இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் போன மாதம் எடுத்த ஸ்கேனில், மூளையில் ஒன்பதாக இருந்த வெண்புள்ளிகள் பதினொன்று ஆகிவிட்டன. எதுவும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்கவில்லை என்றும், 'டாசன் விரல்கள்' என்றும் எழுதியிருக்கிறார்கள். மாத்திரை வேலை செய்யவில்லையா, டாக்டர்? என் மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அறிக்கையில் நிம்மதி தரும் வரியைத் தாண்டிப் போய், எண்ணிக்கையில் நின்றுவிட்டீர்கள். கான்ட்ராஸ்ட்டாக ஊசி வழியே செலுத்தப்படும் கடோலினியம், சாதாரணமாக மூளைத் திசுவுக்குள் நுழையாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை விடாது. புதிதாக அழற்சி மூண்ட இடத்தில் மட்டும் அந்தத் தடுப்பு கசியும். அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். கசிவு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும், இரண்டு மாதத்துக்கு மேல் நீடிப்பது அபூர்வம். உங்கள் படத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்த இரண்டு புள்ளிகளும் உங்களுக்குத்தான் புதியவை. மூளையில் அவை ஏற்கெனவே ஆறிய தழும்புகள்.

எப்போது வந்த தழும்புகள் என்பதுதான் கேள்வி. மாத்திரை தொடங்காத அந்தப் பத்து மாதங்களில் வந்திருக்கலாம். தொடங்கிய பிறகு, மருந்து பலன் தரும் முன்பும் வந்திருக்கலாம். படம் தேதி சொல்லாது. இதற்காகவே, மருந்து தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, அதையே அடிப்படையாக வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் விஷயத்தில் அது விடுபட்டிருக்கிறது. எனவே இந்த ஒரு ஸ்கேனை வைத்து மாத்திரையைக் குறைசொல்ல மாட்டேன். இனி இதுதான் உங்கள் அடிப்படைப் படம். அடுத்த ஸ்கேனிலும் புதிய புள்ளிகள் வந்தால், மருந்தை மாற்றுவது பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

எண்ணிக்கையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இயந்திரம் மாறினாலோ, படத்தின் அடுக்குகள் மெலிதாக எடுக்கப்பட்டாலோ, ஒன்று கூடும், ஒன்று குறையும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை ஒருவர் ஒன்றாக எண்ணுவார், இன்னொருவர் இரண்டாக எண்ணுவார். இடம்தான் முக்கியம். தண்டுவடத்தில் ஒரு சிறு புள்ளி காலைத் தளர வைத்துவிடும். மூளையில் பத்து இருந்தும் ஒருவர் எதையும் உணராமல் நடமாடலாம். உணரவில்லை என்பதற்காக விட்டுவிடவும் முடியாது. வெளியே தெரியும் தாக்குதல்களைவிடப் படத்தில் மட்டும் தெரியும் புதிய புள்ளிகள் பல மடங்கு அதிகம். நன்றாக இருப்பவரையும் ஸ்கேனுக்கு அனுப்புவது அதனால்தான்.

டாசன் விரல்கள் என்ற பெயர் உங்களை மிரட்டியிருக்கும். ஜேம்ஸ் டாசன் ஸ்காட்லாந்து நாட்டு நோய்க்குறியியல் நிபுணர், இதை 1916இல் விவரித்தவர். மூளையின் நீரறைகளை ஒட்டிய சிறு சிரைகளைச் சுற்றி, விரல் நீட்டியதுபோல் அமையும் புள்ளிகள் அவை. ஒற்றைத் தலைவலியிலும் உயர் ரத்த அழுத்தத்திலும்கூட வெண்புள்ளிகள் வரும் என்பதால், நோய் எது என்று பிரித்தறிய இந்த வடிவம் உதவுகிறது. நோய் முற்றியிருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

மருத்துவரிடம் போகும்போது அறிக்கை மட்டும் போதாது, இரண்டு ஸ்கேன்களின் சி.டி.யையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தண்டுவடமும் படமெடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே இயந்திரத்தில் எடுங்கள். கருத்தரித்திருந்தால் அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால், கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். காய்ச்சலிலும் கடும் வெயிலிலும் பழைய கண் மங்கல் சில மணி நேரம் எட்டிப் பார்க்கலாம், அது புதிய தாக்குதல் அல்ல. ஆனால் காய்ச்சல் ஏதும் இல்லாமல், புதிதாக மரத்துப்போதலோ, தள்ளாட்டமோ, பார்வைக் குறைவோ ஒரு நாளைத் தாண்டி நீடித்தால், மூன்று வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.