பார்வோவில் குட்டி போன வீட்டுக்கு அடுத்த நாய்

தெருவிலிருந்து எடுத்து வளர்த்த குட்டி போன மாதம் பார்வோ என்கிற வைரஸ் நோயில் செத்துவிட்டது, முத்தியால்பேட்டை வீட்டுக்கு இன்னொன்று கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொண்டுவாருங்கள், ஆனால் இப்போதைக்குக் குட்டி வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். ஃபினாயிலை நம்பாதீர்கள். தரையைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சில் 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். தடுப்பூசி முழுசாகப் போட்ட பெரிய நாயாகப் பாருங்கள்.

தேவனாம்பட்டினத்தில் எங்களுக்கும் இதே கதைதான். அப்புறம் வந்த கிழட்டுக் கறுப்பி முதல் வாரம் முழுக்கத் தையல் மிஷினுக்கு அடியிலேயே கிடந்தாள். மீன்காரம்மா குரல் கேட்டால் மட்டும் வால் ஆடும். பிளீச்சில் வெளுத்துப்போன குட்டியின் கழுத்துப்பட்டை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. கறுப்பிக்கு அதைப் போட மனசு வரவில்லை, புதுசு வாங்கினோம்.