திறந்த கோப்பை ஃபியூஸ் வழியாக இன்னொரு நிரலுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் தோட்ட அலுவலகம். செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) கோப்பைத் திறக்கும் உரிமை ஒரு நிரலுக்கு மட்டுமே. அது திறந்ததை, தானே நடத்தும் ஃபியூஸ் (FUSE: லினக்ஸில் சாதாரண நிரலே கோப்பு முறைமையை நடத்த உதவும் வசதி) கோப்பு முறைமை வழியாக அறிக்கை நிரலுக்குத் தர முடியுமா?

நேரடியாக முடியாது. ஃபைல் டிஸ்கிரிப்டர் என்பது அந்தந்த நிரல் திறந்த கோப்புகளின் அட்டவணையில் உள்ள வரிசை எண். எல்லாத் தோட்டத்திலும் ஏழாம் எண் லயன் வீடு உண்டு. எண்ணை மட்டும் சொன்னால் வீடு கிடைக்காது. ஃபியூஸில் கோப்பைத் திறக்கும்போது உங்கள் நிரல் திருப்பித் தரும் 64 பிட் எண்ணும் அதன் சொந்தக் குறிப்புதான். கேட்ட நிரலுக்கான டிஸ்கிரிப்டரை, இயங்குதளத்தின் மையமான கெர்னலே புதிதாக உருவாக்குகிறது.

உண்மையாகவே கைமாற்ற, ஒரே கணினியின் நிரல்கள் பேசிக்கொள்ளும் யுனிக்ஸ் சாக்கெட்டில், டிஸ்கிரிப்டரைச் சுமந்து செல்லும் எஸ்சிஎம் ரைட்ஸ் (SCM_RIGHTS) செய்தி அனுப்புங்கள். கூடவே ஒரு பைட்டாவது தரவு செல்லட்டும். ஃபியூஸ் முறைமையை ஏற்றும் ஃபியூஸர்மவுன்ட் (fusermount) கருவி கூட, தான் திறந்த ஃபியூஸ் சாதனத்தை இப்படித்தான் ஒப்படைக்கிறது. இங்கே மிகுந்த கவனம் தேவை: இருவரும் ஒரே திறப்பைப் பகிர்வதால் படிக்கும் இடமும் (கோப்பில் எதுவரை படித்தாயிற்று என்பது) பொதுவாகிவிடும். ஒருவர் படித்தால் மற்றவருக்கும் இடம் நகரும். ஆகவே இடத்தைக் குறிப்பிட்டுப் படிக்கும் பிரீட் (pread) அழைப்பையே பயன்படுத்துங்கள். எழுதும் உரிமையுடன் திறந்திருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். சம்பளக் கணக்கு என்பதால், படிக்க மட்டும் தனியாகத் திறந்து அனுப்புவதே முறை.

வேகம்தான் நோக்கம் என்றால், லினக்ஸ் 6.9 (2024) முதல் ஃபியூஸில் பாஸ்த்ரூ வசதி இருக்கிறது. உங்கள் நிரல் தன் டிஸ்கிரிப்டரைக் கெர்னலிடம் பதிந்துவிட்டால், படிப்பதும் எழுதுவதும் நேராக மூலக் கோப்புக்கே செல்லும். படிக்கும் இடமும் ஒவ்வொரு திறப்புக்கும் தனியாக இருக்கும். பதிவு செய்ய நிர்வாகி உரிமை வேண்டும்.