எம்.ஏ. இங்கிலீஷ் இருக்கு, இஎஸ்எல் டீச்சர் ஆகலாமா?

கேள்வி: அக்கா, மதுரைல எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடிச்சுட்டு ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல வேலை பாத்தேன், இப்ப நியூஜெர்சில இருக்கேன், ஹெச்4 விசால வேலை பாக்குறதுக்கான அனுமதி (இஏடி) கைல இருக்கு. இங்க இஎஸ்எல் டீச்சர் (இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கிறவங்க) ஆகணும்னா மறுபடி மாஸ்டர்ஸ் படிக்கணும்னு சொல்றாங்க. எதுக்கு இன்னொரு எம்.ஏ.?
– வாசகி, எடிசன்

பதில்: உன் எம்.ஏ. வீணாப் போகாதும்மா. ஆனா நீ படிச்சது இலக்கியம், ஷேக்ஸ்பியர் தெரிஞ்சா மட்டும், போன மாசம் குவாத்தமாலாலேர்ந்து வந்த ஏழாங்கிளாஸ் பையனுக்கு ஸயன்ஸ் பாடத்த புரிய வச்சிர முடியாது. இந்த மாஸ்டர்ஸ்ல சொல்லிக்குடுக்கிறது அதைத்தான், ரெண்டாவது மொழி மண்டைல எப்படி ஏறுது, பாடத்தையும் மொழியையும் எப்படிச் சேர்த்து நடத்துறது, பிள்ளை தப்பா எழுதுனது மொழி வராததாலயா பாடம் புரியாததாலயான்னு எப்படிப் பிரிச்சுப் பாக்குறது.

ஜிம் கம்மின்ஸ்னு கனடா பேராசிரியர் ஒருத்தர் பேர் முதல் செமஸ்டர்லயே வந்துரும். விளையாட்டு மைதானத்துல பேசுற இங்கிலீஷ் ரெண்டு வருஷத்துல வந்துரும், பாடப்புத்தக இங்கிலீஷுக்கு 5லேர்ந்து 7 வருஷம் ஆகும்னு சொன்னவர். இது தெரியாத டீச்சர்தான் ‘நல்லாப் பேசுறானே, படிக்க மட்டும் சோம்பேறித்தனம்’னு ரிப்போர்ட் எழுதுவாங்க.

அப்புறம் இந்தப் பிள்ளைங்களுக்கு மொழி உதவி குடுக்கிறது யாரோ பாவம்னு பாத்து செய்ற காரியம் இல்ல, சட்டம். சான் பிரான்சிஸ்கோல இங்கிலீஷ் தெரியாத சீனப் பிள்ளைங்க சுமார் 1,800 பேர் எந்த உதவியும் இல்லாம கிளாஸ்ல சும்மா உக்காந்திருந்தாங்க, எல்லாருக்கும் அதே புத்தகம் அதே டீச்சர்னு குடுத்துட்டா சமமா நடத்துனதா ஆகாதுன்னு 1974ல லாவ் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. இன்னிக்கு அமெரிக்க அரசுப் பள்ளிகள்ல இப்படிப்பட்ட பிள்ளைங்க 50 லட்சத்துக்கு மேல, முக்கால்வாசிப் பேர் வீட்ல ஸ்பானிஷ். நாலு வார்த்தை ஸ்பானிஷ் கத்துக்கோ, அம்மாமார் கிட்ட பேச உதவும்.

மாஸ்டர்ஸேதான் வேணும்னு இல்ல, சர்டிபிகேட் ப்ரோக்ராம் தனியாவும் இருக்கு, செலவும் கம்மி. முதல்ல உன் டிகிரி இங்கத்த எந்த டிகிரிக்குச் சமம்னு பாக்குற எவாலுவேஷனுக்கு அனுப்பு. சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளு: இது ஸ்டேட் டீச்சர் லைசென்ஸ்ல கொண்டுபோய் விடுமா? டீசால் (வேற மொழிக்காரங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கிற படிப்பு) மாஸ்டர்ஸ்னு பேர் இருந்தும் லைசென்ஸ் கிடைக்காத ப்ரோக்ராம் உண்டு, ஃபீஸ் கட்டின பிறகு தெரிஞ்சா வயித்தெரிச்சல்தான்.

கேள்வி: இஎஸ்எல் டீச்சர் ஆக, இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கப் பழக்குற செல்டா கோர்ஸ் முடிச்சா போதாதா? ஒரே மாசம்தானே?
– வாசகர், டாலஸ்

பதில்: கேம்பிரிட்ஜ் செல்டா நல்ல கோர்ஸ்தான் தம்பி, குறைஞ்சது 120 மணி நேரம், அதுல 6 மணி நேரம் நிஜமான மாணவர்கள் முன்னாடி நின்னு பாடம் நடத்தணும். ஆனா அது பெரியவங்களுக்குச் சொல்லிக்குடுக்க. பிரைவேட் லாங்குவேஜ் சென்டருக்கு, வெளிநாட்டு வேலைக்கு ஓகே. டெக்ஸாஸ் அரசுப் பள்ளிக்கு டீச்சர் லைசென்ஸ் தனியா வேணும்.

கேள்வி: வீட்ல பேசுறது தமிழ்னு ஸ்கூல் ஃபார்ம்ல எழுதுனேன், பொண்ண இஎஸ்எல்ல போட்டுட்டாங்க. இனிமே இங்கிலீஷ்லயே பேசவா?
– வாசகி, சார்லட்

பதில்: வேணவே வேணாம். ஃபார்ம் பாத்து இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்க, டெஸ்ட் மார்க்க வச்சுத்தான் இஎஸ்எல். தமிழ நிறுத்தச் சொல்லி ஒழுங்கா ட்ரெய்னிங் எடுத்த எந்த டீச்சரும் சொல்ல மாட்டாங்க, தாய்மொழில படிக்கத் தெரிஞ்ச பிள்ளை இங்கிலீஷையும் சுலபமாப் பிடிச்சுக்கும். ஸ்கூல் திறந்த 30 நாளுக்குள்ள உங்களுக்கு லெட்டர் வரணும், மார்க் அதுல இருக்கும். பாத்துட்டு வேணாம்னு தோணுச்சுன்னா மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, ஆனா அவசரப்பட்டு எழுதிக் குடுக்காதீங்க, முதல்ல அந்த டீச்சர ஒருதரம் போய் பாருங்க.