முகம் கறுத்து விழுகிறதா? கேமராவை மாற்ற வேண்டாம்

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தொழிற்சாலையில் வேலை. வார இறுதியில் கல்யாணம், காதணி விழா, கோயில் திருவிழா என்று படம் எடுக்கிறேன். வெளியில் வைத்து எடுத்தால் ஆட்களின் முகம் கறுத்துப் போகிறது. "கொஞ்சம் வெள்ளையா ஆக்கிக் குடுங்க" என்கிறார்கள், நானும் செயலியில் தேய்த்துக் கொடுக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை. விலை கூடிய கேமரா வாங்கினால் சரியாகுமா? தோட்டத்து வாழ்க்கையைப் படமாக எடுக்கவும் ஆசை, ஆனால் கேமராவைத் தூக்கினாலே பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு, முகநூலில் படம் போட்டேன் என்று ஒரு குடும்பம் சண்டைக்கு வந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: தம்பி, கேமராவுக்காகக் காசு செலவழிக்காதீர்கள். இப்போது கையில் இருப்பதோடு ஒரு 50 எம்எம் லென்ஸ் இருந்தால் போதும், இந்த வேலையை அது தாராளமாகச் செய்யும்.

முகம் ஏன் கறுக்கிறது என்று முதலில் பார்ப்போம். பிரேமுக்குள் வருகிற எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் பார்க்கும். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கிறார், பின்னால் வெளிறிய வானம் என்றால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று மொத்தப் படத்தையும் அது இறக்கிவிடும். முதலில் அடிபடுவது முகம். அதே மாப்பிள்ளையைச் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களுக்குள் கொண்டுபோய் நிறுத்தினால் நேர் எதிர், இருட்டு அதிகம் என்று ஏற்றிவிடும், முகம் வெளிறிப் போகும். ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் முறை) போட்டு, வெளிச்சம் விழுகிற பக்கத்துக் கன்னத்தை மட்டும் அளந்து பாருங்கள். வருகிற அளவிலிருந்து அரை ஸ்டாப், நல்ல கறுப்பு என்றால் ஒரு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). முகம் கறுக்கிறது என்கிறேன், இன்னும் குறைக்கச் சொல்கிறீர்களே என்று தோன்றும். முகத்தையே அளந்ததால் அது ஏற்கெனவே தூக்கப்பட்டுவிட்டது, நீங்கள் குறைப்பது அதன் சொந்த நிறத்துக்குக் கொண்டுவரத்தான். ராவ் கோப்பாக (கேமரா தானாகத் திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், பிறகு திருத்த இடம் இருக்கும்.

அடுத்து நேரம், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் நம் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15-க்கு. வெளிநாட்டுக்காரர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்குப் பெண் மாப்பிள்ளையை வெயிலில் நிறுத்தினால் கண் குழியில் இருட்டு, மூக்கில் பளபளப்பு, கழுத்தெல்லாம் வேர்வை. இங்கே காலை 7.30-லிருந்து 9 வரை, மாலையில் 5.30-க்கு மேல், அவ்வளவுதான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் செங்குத்தாக ஏறி இறங்குகிறது, அந்த மஞ்சள் வெளிச்சம் நம் ஊரில் நீண்ட நேரம் நிற்பதில்லை. நான் காலையைத்தான் கேட்டு வாங்குவேன். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் சாயங்காலம் இடி மழை வந்து எல்லாத் திட்டத்தையும் கெடுத்துவிடும்.

நடுப்பகலில் எடுத்தே ஆக வேண்டும், முகூர்த்தம் முடிந்து எல்லாரும் கிளம்புகிறார்கள் என்றால்? நேராக பழைய கடை வரிசையின் அஞ்சடிக்கு, அதாவது கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதைக்கு, கூட்டிக்கொண்டு போங்கள். மேலே கூரை, பக்கவாட்டில் ரோட்டிலிருந்து வரும் பரந்த மென்மையான வெளிச்சம், பின்னணியில் தூண்களும் பழைய சுவரும். பெரிய ஸ்டூடியோக்காரன் ஆயிரக்கணக்கில் செலவழித்து உண்டாக்குகிற வெளிச்சம் அது, நமக்குக் காப்பிக்கடை வாசலிலேயே கிடைக்கிறது. கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. வெளிச்சம் எவ்வளவு பரந்து வருகிறதோ அவ்வளவு மெதுவாக அந்த மினுப்பு கன்னத்திலும் நெற்றியிலும் படர்ந்து முகத்துக்கு உருவம் கொடுக்கும். உச்சி வெயில் சின்னப் புள்ளியாகச் சுட்டுவிட்டுப் போய்விடும்.

செம்பனைத் தோட்டத்துக்குள் படம் வேண்டும் என்று கேட்பார்கள். உள்ளே போகாதீர்கள், ஓலை வழியாக வரும் வெளிச்சம் முகத்தில் பச்சை அடிக்கும், எவ்வளவு திருத்தினாலும் நோயாளி மாதிரி இருக்கும். ஓரத்தில், செம்மண் சாலையில் நிறுத்துங்கள். தரையிலிருந்து எழும்பி வரும் இளஞ்சிவப்பு வெளிச்சம் நம் நிறத்துக்கு அவ்வளவு பொருந்தும். கோயில் வாசலில் போடும் நீலக் கூடாரமும் இதே தொல்லைதான், ஆட்களைக் கூடாரத்தின் விளிம்புக்கு வரச் சொல்லுங்கள். தீமிதிக்கு ஷட்டர் வேகம் 1/250 வினாடிக்குக் கீழே இறங்க வேண்டாம், சாமி வந்து ஆடுகிறவர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கவே வேண்டாம்.

இனி அந்த "வெள்ளையா ஆக்கிக் குடுங்க". இதை நான் பொறுத்துக்கொள்வதே இல்லை. இந்தக் குறை வாடிக்கையாளரிடம் தொடங்கியது அல்ல. பல பத்தாண்டுகள் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும், அவள் தோல் நன்றாக வந்தால் அச்சு சரி என்று அர்த்தம். பழுப்பு நிறம் ஒழுங்காக வரவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் விற்கிறவர்களும் குறை சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்தத் தொடங்கினார்கள் என்று அங்கே வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களில் நம் பாட்டிகள் கண்ணும் பல்லுமாகத் தெரிந்ததற்கு அவர்கள் நிறம் காரணம் இல்லை தம்பி. ஒரு தலைமுறை தன் படத்தைப் பார்த்து வெட்கப்பட்டது, அந்த வெட்கத்தை நீங்கள் செயலியில் தேய்த்து இன்னும் வளர்த்துவிடாதீர்கள். முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "பரு, தழும்பு எடுத்துத் தருவேன், நிறத்தை மாற்ற மாட்டேன்." அஞ்சடியில் எடுத்த இரண்டு படங்களைப் போனில் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்டது வெள்ளைத் தோல் இல்லை, தெளிவான முகம். அதையும் மீறிப் பிடிவாதம் பிடிக்கிற சிலர் வேறு ஆளிடம் போகட்டும், அந்த இருநூறு முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) போனால் போகிறது.

பெரியவர்கள் முகம் திருப்புவதற்கு வருவோம். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, பிரிட்டிஷ் அரசு அவசரகாலம் அறிவித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே ஆண்டில்தான் படமும் கைநாட்டும் வைத்த அடையாள அட்டை வந்தது. கேமரா என்றால் அரசாங்கக் காரியம், விறைத்து நிற்க வேண்டும் என்பது அப்போதிருந்தே தோட்டத்து வீடுகளில் பழகிப்போன ஒன்று என்று நினைக்கிறேன். இன்றும் பாட்டி தவறிவிட்டால், பெரிதாக்கி மாலை போட வேண்டும் என்று பிள்ளைகள் என்னிடம் கொண்டுவருவது அந்த ஐசி (அடையாள அட்டை) படத்தைத்தான். வேறு படமே இருக்காது. எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கேட்காது.

அதனால் இதை விட்டுவிடாதீர்கள். ஆனால் முதல் நாள் கேமராவைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினீர்கள், தண்டல் (மேற்பார்வையாளர்) யார், லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) எத்தனை வீடு என்று கேளுங்கள். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக, தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது உங்கள் வயதுக்குப் பாடப்புத்தகச் செய்தி, அவர்களில் பலருக்கு அது தோட்டம் துண்டாடப்பட்டு வேலை போய்விடுமோ என்று பயந்த காலத்து ஞாபகம். பேச்சு வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்த முறை கேமரா எடுத்துப் போனால், "தாத்தா, ஒண்ணு எடுத்துக்கவா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் திருடாதீர்கள். எடுத்த படத்தைத் தாளில் அச்சுப்போட்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டி அவரே சேலை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார், இதை நான் பல தோட்டங்களில் பார்த்துவிட்டேன்.

முகநூல் விஷயத்தில் அந்தக் குடும்பத்தின் பக்கம்தான் நியாயம். 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை, அவருக்குத்தான். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுப் படத்தை எடுத்துவிடுங்கள். இனிமேல் தேதியும் தொகையும் உறுதி செய்யும் அதே வாட்ஸ்அப் செய்தியில், எத்தனை படம் என் பக்கத்தில் போடலாம், குழந்தைகள் படம் போடலாமா என்று கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.