வீடியோவில் ஒருவர் எங்கே பார்ப்பார் என்று கணினியால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா? எம்.இ. புராஜெக்டாக எடுக்கலாமா?

எடுக்கலாம். கைடு "ஏதாவது புதுசா பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டுப் போன நிலையில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் மாட்டினேன்.

எல்லோரையும் போல, 1998-இல் இட்டி, கோக், நீபர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட சேலியன்சி மேப்பில், அதாவது படத்தில் எந்த இடம் கண்ணை எவ்வளவு இழுக்கும் என்று காட்டும் வரைபடத்தில், தொடங்கினேன். நிறம், வெளிச்சம், கோடுகளின் சாய்வு ஆகியவற்றில் அக்கம்பக்கத்திலிருந்து எது துருத்திக்கொண்டு தெரிகிறதோ, பார்வை முதலில் அங்கே போகும். பார்த்து முடித்த இடத்தைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவும். அது நிலைப்படத்துக்கானது. நான் அசைவையும் வெளிச்சச் சிமிட்டலையும் சேர்த்து, காந்திபுரத்தில் ஒரு சிக்னலைப் படமெடுத்து ஓட்டினேன்.

என் மாடல் விடாமல் பார்த்தது இரண்டைத்தான்: ஒரு கடையின் எல்.இ.டி. போர்டு, காற்றில் ஆடும் வேப்பங்கிளை. நண்பர்களின் கண்கள் போனதோ டிராஃபிக் போலீஸ்காரரின் கைக்கும், குழந்தையை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடிய ஓர் அம்மாவுக்கும். ஆடிக்கொண்டே இருக்கும் கிளையில் புதுசாக ஒன்றுமில்லை என்பதைக் கணக்கில் சேர்க்க, இட்டியும் பால்டியும் 2005-லேயே 'வியப்பு' என்றொரு அளவைச் சொல்லியிருந்தார்கள். நான் அதைப் படித்தது வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) முந்தின வாரம்.

நண்பர்களின் பார்வையை அளக்கக் கல்லூரியில் ஐ டிராக்கர் இருந்தது, பூட்டிய அலமாரிக்குள். சாவி வைத்திருந்தவருக்கு "ரிப்பேரானா யார் பதில் சொல்றது?" என்று பயம். ஆய்வுக் குழு வந்தால் மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து வைப்பார்கள். நான்கு கடிதம் எழுதி, ஒரு செமஸ்டரில் எனக்குக் கிடைத்தது ஒன்பது நாள். இன்று நினைத்தாலும் எரிகிறது. சரி, விடுங்கள்.

வைவாவில் வந்த வெளித்தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார். "படத்தின் நடுவில் ஒரு மங்கலான வெள்ளைத் திட்டை வைத்து, அதையே மாடல் என்று சொல்லிப் பார்த்தீர்களா?" அங்கேயே ஓட்டினோம். திட்டு என்னை ஜெயித்துவிட்டது. மனிதர்கள் திரையின் நடுவையே அதிகம் பார்க்கிறார்கள்; 2007-இல் டாட்லர் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். போதாததற்கு, கேமராக்காரரும் முக்கியமானதை நடுவில்தான் வைப்பார்.

ஆழ்கற்றல் (டீப் லேர்னிங்) வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்று கீழே எழுத வருவீர்கள், தெரியும். முகத்தையும் எழுத்தையும் அந்த மாடல்கள் நன்றாகவே பிடிக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2000-இல் லேண்ட், மெக்லியாட் இருவரும் கிரிக்கெட் பேட்ஸ்மேன்களின் கண்ணை அளந்தார்கள். அவர்கள் பந்தைக் கடைசிவரை தொடர்வதில்லை. கொஞ்சம் பார்த்துவிட்டு, பந்து குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிவிடுகிறார்கள். அந்த நொடியில் அங்கே இருப்பது வெறும் பிட்ச். நிறமுமில்லை, அசைவுமில்லை. செய்கிற வேலைதான் கண்ணை இழுக்கிறது.

அதனால் சும்மா வேடிக்கை பார்க்கும் வீடியோவை எடுக்காதீர்கள். சாலையைக் கடப்பது, டீ போடுவது என்று ஏதாவது வேலை நடக்கும் வீடியோவை எடுங்கள். நடுத்திட்டை முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். அதற்கும் முன்னால், சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள்.