புது ஃபில்டர் போட்டதும் ஆயில் கொட்டினால்

வீட்டிலேயே வண்டியின் இன்ஜின் ஆயிலை மாற்றி, புது ஆயில் ஃபில்டர் போட்டு ஸ்டார்ட் செய்ததும் ஃபில்டர் பக்கம் ஆயில் கொட்டியது என்கிறீர்கள். சரி, இனி இன்ஜினை ஓட்டாதீர்கள். கழற்றிய பழைய ஃபில்டரின் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் அது இன்ஜினிலேயே ஒட்டியிருக்கிறது. அதன் மேல் புது வளையமும் உட்கார்ந்தால், அழுத்தம் ஏறியதும் பிதுங்கிவிடும். எனக்கும் இதே கதைதான். தரையைக் கழுவவே அரை நாள் போனது.

புது ஃபில்டரைக் கழற்றி, பழைய வளையத்தை உரித்து, அந்த இடத்தைத் துடையுங்கள். புது வளையம் நசுங்கியிருந்தால் வேறு ஃபில்டர்தான். வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவிக் கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு பெரும்பாலும் முக்கால் சுற்று போதும், ஃபில்டர் மேலேயே அச்சடித்திருக்கும். அப்புறம் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்துக் குறைந்ததை ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.