கையை மறைக்கும் மகள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருக்கிறாள். கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை. ஒருநாள் தற்செயலாகப் பார்த்துவிட்டேன், கையெல்லாம் தழும்பு. பள்ளி ஆசிரியையிடம் சொன்னேன். "இது சுயதீங்கு, டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். என் நாத்தனாரோ, "இது தற்கொலை முயற்சி, வெளியே தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகும்" என்கிறார். மாமியார், "சீன் போடுறா, ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்கிறார். சுயதீங்கு என்றால் என்ன? நான் யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு தாய், குடியாத்தம்

அன்புச் சகோதரிக்கு,

ஆசிரியை பேச்சைக் கேளுங்கள்.

தெரிந்தே தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்வதுதான் சுயதீங்கு. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியில் அலகு குத்திக் காவடி எடுப்பதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது ஊரறிய, உறவு சூழச் செய்யும் நேர்த்திக்கடன். இதுவோ தனியாக, மறைவாக, மனம் தாங்காமல் செய்வது. கோபம், அவமானம், வெறுமை, எதையும் வாய்விட்டுச் சொல்ல வழியில்லாத பிள்ளை அதை உடம்பின் மேல் இறக்கிவைக்கிறது. கிடைக்கும் ஆறுதல் கொஞ்ச நேரத்துக்குத்தான். பின்னாலேயே குற்ற உணர்ச்சி வந்து, மறுபடி அங்கேயே தள்ளும். அப்படித்தான் இது பழக்கமாகிறது.

அடுத்தவர் பார்க்கவேண்டும் என்று செய்கிறவள் வேலூர் வெயிலில் முழுக்கை போட்டு மறைப்பாளா? மாமியாரிடம் இதைக் கேளுங்கள். அப்படியே காட்டினாலும், உதவி கேட்கிறாள் என்றுதான் அர்த்தம். தயவுசெய்து கை ஓங்காதீர்கள்.

நாத்தனார் சொல்வதற்கு வருகிறேன். இப்படிச் செய்கிற பிள்ளைகள் பலருக்குச் சாகும் எண்ணம் இருப்பதில்லை. ஆனால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடவும் கூடாது. இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதனால் நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாம்மா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்ற பயம் வேண்டாம், அப்படி வராது. ஆமாம் என்றாலோ, காயம் பெரிதாக இருந்தாலோ, அவளைத் தனியே விடாமல் 108ஐ அழையுங்கள்.

போலீஸ் பயத்தையும் விடுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதவேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. இந்தப் பயத்தாலேயே எத்தனையோ வீடுகளில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போவதில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம்.

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு, இனிமே செய்ய மாட்டேன்னு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சத்தியத்தால் இது நிற்காது. மீறிவிட்டால் உங்களிடம் சொல்லவும் முடியாமல் போய்விடும். சொந்தக்காரர்கள் முன்னால் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். கூர்மையான பொருள்களையும் மாத்திரைகளையும் சத்தமில்லாமல் எடுத்துப் பூட்டிவையுங்கள். "நான் பார்த்துட்டேன்மா, கோபம் இல்ல, உனக்கு என்ன கஷ்டம்னு தெரிஞ்சிக்கணும்" என்று தொடங்குங்கள். அவள் வாயே திறக்காவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

பள்ளி திறக்கட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே கூட்டிப் போங்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். அதுவரை 14416க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். அவள் மட்டுமல்ல, நீங்களும் பேசலாம். உணர்ச்சிகளைத் தாங்கிக் கையாளக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சைகள் இதற்கு நல்ல பலன் தருகின்றன.

மருத்துவர் அவளிடம் தனியாகப் பேச நினைப்பார். நீங்கள் வெளியே காத்திருங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "உள்ள என்னடி சொன்ன?" என்று துருவாதீர்கள். அவளாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.